திங்கட்கிழமை பொறுக்கிய கண்ணாடி

போன மாதம் சுரண்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். புதிதாக வேலைக்கு வந்த இளம் ஆசிரியர்கள் மூன்று பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஊரு பேரண்ட்ஸுக்கு அக்கறையே கிடையாது மேடம். மீட்டிங்னா ஒரு ஆளு வரமாட்டாங்க. பிள்ளைய நம்ம தலையில கட்டிட்டு அவங்க பாட்டுக்குப் போயிடுதாங்க" என்றார் ஒருவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். என் மாணவியும் சிரித்தாள்.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்த இளம் ஆசிரியர்கள் மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை அது. அதே வார்த்தையை அதே மாதிரிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முப்பது வருஷம் நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்கு ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கை விலையாகப் போன பிறகுதான் நிறுத்தினேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற கதை இல்லை இது. அதனால்தான் இதுவரை எங்கும் சொல்லவில்லை.

நான் தலைமை ஆசிரியையாக இருந்த கடைசிப் பள்ளிக்கூடம் தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில், ரோட்டை ஒட்டியே இருந்தது. ஐந்து வகுப்பு, எழுபத்துச் சொச்சம் பிள்ளைகள், ஆசிரியர்கள் மூன்று பேர். பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். அப்பாக்கள் கேரளாவிலோ, செங்கோட்டையில் லாரிக்கு லோடு ஏற்றுகிற இடத்திலோ, சீசன் கடைகளிலோ இருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய மைதானம். அந்த ரோட்டில் அவ்வளவு பெரிய காலி இடம் வேறு கிடையாது.

ஜூன் மாதம் நாங்கள் பள்ளி திறக்கிற வாரமே மலையில் சாரல் விழ ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் இருந்து அருவிக்கு வருகிற கார்களும் வேன்களும் வரிசை கட்டி நிற்கும். எங்கள் ஊரில் லாட்ஜ் நடத்துகிற பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர். தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்தவர். குடியரசு தினத்துக்கு லட்டு அவர் வீட்டில் இருந்துதான் வரும். நான் பொறுப்பேற்ற இரண்டாம் வருஷம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, சனி, ஞாயிறு உங்களுக்கு லீவுதானே. கிரவுண்டு சும்மாதானே கிடக்கு. வெளியூர்க்காரன் வண்டிய நிறுத்த இடமில்லாம ரோட்டுலயே போட்டுட்டுப் போறான். சீசன் முடியுத மட்டும் கேட் சாவி ஒண்ணு நம்ம லாட்ஜ்ல இருக்கட்டும்."

கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேலிடத்தில் அனுமதி வாங்கவில்லை. மின்விசிறி தந்தவருக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நான்கு சீசன் அப்படிப் போனது.

எங்கள் பள்ளிக்கூடத்து வாரம் திங்கட்கிழமை தொடங்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் வேன் உள்ளே நுழையும்போது தொடங்கிவிடும். இரண்டு நாள் அங்கேயே சமைப்பார்கள், குடிப்பார்கள், எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள், எங்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள். திங்கட்கிழமை காலை நாங்கள் வரும்போது டயர் தடம் பதிந்த சேற்றில் கோழி எலும்பும், ஷாம்பூ பாக்கெட்டும், எச்சில் இலையும், பாட்டிலும் கிடக்கும். பாதிப் பாட்டில் உடைந்து கிடக்கும். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குள் போக முடியாமல் செவ்வாய்க்கிழமை வரை பள்ளி நேரம் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "தண்ணி நல்லாக் குடிக்கணும்" என்று பாடம் நடத்தினேன்.

பள்ளிக்கூடத்தைப் பெருக்க வருகிறவர் ஒரு வயதான அம்மா, ஒற்றை ஆள். அவரால் அவ்வளவு பெரிய மைதானத்தை அள்ள முடியாது. அதனால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரார்த்தனைக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்துப் பொறுக்கச் சொன்னேன். அதற்கு 'தூய்மைப் பணி' என்று பெயர் வைத்து வாரப் பலகையில் எழுதிப் போட்டேன். பெயர் வைத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்பதை இந்த உத்தியோகம் நமக்குச் சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிடும்.

விக்டர் சார் என்று ஓர் இளம் ஆசிரியர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். "மேடம், அவங்களையே ஆள் வச்சு அள்ளச் சொல்லலாமே" என்று ஒரு முறை கேட்டார். "சார், நீங்க வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

ஆனால் கேட்ட ஒருவர் உண்டு. முப்பிடாதி. மூன்றாம் வகுப்பில் படித்த தர்ஷினியின் அம்மா. பீடி சுற்றுகிறவர். கணவர் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை. ஒரு திங்கட்கிழமை மகளை விட வந்தபோது மைதானத்தில் பிள்ளைகள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பிள்ளைய கையில கண்ணாடிய அள்ளிட்டு நிக்கி. பயமா இருக்கு."

"பாத்துதாம்மா எடுக்காங்க. நாங்க நிக்கோம்லா."

"இல்ல டீச்சர், இந்த வண்டிய இங்கன வர வேண்டாம்னு சொல்லப்படாதா?"

வருகைப் பதிவேட்டில் இருந்து நான் தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் மேலாண்மைக் குழுவுல பேசுத விஷயம்மா. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங் இருக்கு. அங்கன வந்து சொல்லுங்க. இல்லன்னா எழுதிக் குடுங்க."

"மூணு மணிக்குத்தான் டீச்சர் பீடிய கொண்டு கடையில ஒப்படைக்கணும். அந்த நேரம் விட்டா எடுக்க மாட்டாவ."

"அப்ப என்ன செய்ய முடியும்? உங்களுக்கு அக்கறை இருந்தா வரணும்லா."

அவர் போய்விட்டார். சாப்பாட்டு வேளையில் விக்டர் சாரிடம் சொன்னேன்: "பாத்தீங்களா சார், குறை சொல்ல மட்டும் வருவாங்க. கூட்டத்துக்கு வரச் சொன்னா பீடின்னுவாங்க."

கூட்டம் எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். குழுவுக்குத் தலைவி அண்ணாச்சியின் தம்பி மனைவி. அவர் பிள்ளை எங்களிடம் இரண்டாம் வகுப்பு படித்தான். மூன்று நான்கு அம்மாக்கள் வருவார்கள். நான் முன்னாலேயே எழுதிவைத்த தீர்மானத்தைப் படிப்பேன். டீ வரும். வராதவர்களின் கையெழுத்துக்காகத் தீர்மான நோட்டைப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவேன். மறுநாள் கையெழுத்தோடு வந்துவிடும். மூன்று மணி அந்த அம்மாக்களுக்கு ஆகாத நேரம் என்பது முப்பிடாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நேரத்தை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வராமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இதை நான் ஒத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?

முப்பிடாதி வந்துபோன இரண்டு வாரத்துக்குப் பிறகு, அதுவும் ஒரு திங்கட்கிழமைதான். ராத்திரி பெய்த மழையில் மைதானம் முழுக்கச் சகதி. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் இருந்தேன். பிள்ளைகள் ஒரு மாதிரிச் சத்தம் போடுவார்களே, விளையாட்டுச் சத்தம் இல்லாத சத்தம், அது கேட்டு வெளியே வந்தேன். தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். சகதிக்குள் புதைந்து கிடந்த பாட்டிலை ஏதோ மூடி என்று நினைத்துப் பிடுங்கியிருக்கிறாள். பெருவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது.

விக்டர் சார் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். நான் ஆட்டோ பிடித்து அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். முப்பிடாதிக்குச் சொல்லி அனுப்பச் சொல்லியிருந்தேன். பாதி வழியில் போன் அடித்தது. அண்ணாச்சி.

"டீச்சரம்மா, பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்லா? எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. ஆஸ்பத்திரில பாட்டிலு, கண்ணாடின்னு வாயத் தெறந்திராதிய. எழுதி வச்சிட்டான்னா அது எங்கெங்கயோ போகும். எனக்கென்ன, நான் சமாளிச்சுக்கிடுவேன். பிள்ளைய வேலை வாங்குனது யாருன்னு கேப்பான். உங்க சர்வீஸு என்ன ஆகுதது? விளையாடையில விழுந்துட்டாள்னு சொல்லுங்க."

போனை வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் மடியில் இருந்த பிள்ளையைப் பற்றி நான் நினைக்கவில்லை. என் ஓய்வூதியத்தைப் பற்றி நினைத்தேன்.

டாக்டர் இளம் பெண். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எப்படி ஆச்சு? கண்ணாடியா?"

"இல்ல டாக்டர். விளையாடும்போது விழுந்துட்டா. கல்லு கிழிச்சிருச்சு."

டாக்டர் தர்ஷினியைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "ஆமா, கீழ விழுந்துட்டேன்" என்றாள்.

எத்தனையோ பாடத்தை நான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே தடவையில் தப்பில்லாமல் அவள் கற்றுக்கொண்டது அந்தப் பொய்தான்.

கழுவித் தையல் போட்டார்கள். முப்பிடாதி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரிடமும் அதையே சொன்னேன். மகளும் அதையே சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தியளே டீச்சர்" என்று அழுதார். நான் அந்தக் கையை உதறவில்லை.

புதன்கிழமை கை வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வியாழக்கிழமை காயத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லு இருந்திருக்கிறது. பெருவிரலை மடக்குகிற நரம்பை அது அறுத்திருந்தது. கண்ணாடி என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே தேடியிருப்பார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார். மறுநாள் குழுக் கூட்டம். 'விளையாட்டின்போது எதிர்பாராத விதமாகக் காயம் ஏற்பட்டது. பள்ளி நிர்வாகத்தின் மீது பெற்றோருக்கு எந்தப் புகாரும் இல்லை. விடுமுறை நாட்களில் மைதானத்தைப் பயன்படுத்துவதில் ஆட்சேபணை இல்லை.' இப்படி ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று சொல்லி அனுப்பினார். நான் என் கையெழுத்திலேயே, என் அழகான கையெழுத்திலேயே, எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான், விக்டர் சார், தலைவி. அண்ணாச்சி புரவலர் என்ற முறையில் வந்திருந்தார். டீ வந்தது. அப்போது கேட் திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். முப்பிடாதி முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் அம்மாக்கள். நாற்பது பேருக்குக் குறையாது. அன்றைய பீடியைக் கடையில் ஒப்படைக்காமல், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அறை கொள்ளாமல் வராந்தாவில் நின்றார்கள்.

முப்பிடாதி பிள்ளையைத் தன் தங்கையின் பொறுப்பில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திருநெல்வேலியில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் இருந்த சின்னப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துப் பிரித்தார். பஞ்சுக்கு நடுவில், விரல் நகம் அளவுக்கு, பழுப்புக் கண்ணாடி.

"எம்பிள்ள கையில இருந்து நேத்து இத எடுத்தாவ. விழுந்துட்டேன், கல்லு குத்திட்டுன்னுதான் அவ எங்கிட்டயும் சொல்லுதா. இத காட்டிக் கேட்ட பொறவும் அதத்தான் சொல்லுதா. கல்லு இந்த நிறத்துல இருக்குமா டீச்சர்?"

அண்ணாச்சி குறுக்கே பேசினார். "ஏம்மா, ரோட்டுல கிடக்காத கண்ணாடியா? பிள்ளை எங்கன போயி என்னத்த எடுத்துச்சோ. அதுக்கு டீச்சரம்மா என்ன செய்வாவ?"

முப்பிடாதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நான் டீச்சர்ட்ட கேக்கேன்."

என் முன்னால் தீர்மான நோட்டு விரித்தபடி இருந்தது. அதைப் படித்துவிட்டால் போதும். அண்ணாச்சி மீதியைப் பார்த்துக்கொள்வார். இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

முப்பிடாதி மறுபடி கேட்டார். குரலைக் கூட்டவில்லை. "உங்க பிள்ள இங்கன படிச்சிருந்தா அவளப் பொறுக்கச் சொல்லியிருப்பியளா?"

என் மகள் தென்காசியில் தனியார் பள்ளியில் வேனில் போய்ப் படித்தவள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

அந்த ஒன்றைச் சொன்ன பிறகு மீதியை நிறுத்த முடியவில்லை. "நான்தான் பொறுக்கச் சொன்னேன். நாலு வருஷமா எல்லாப் பிள்ளையையும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். வண்டி நிறுத்த சாவி குடுத்ததும் நான்தான். ஆஸ்பத்திரில கல்லுன்னு சொன்னதும் நான்தான். தர்ஷினி பொய் சொல்லல. நான் சொன்னதச் சொன்னா."

இதைக் கேட்டு அந்தத் தாய்மார்கள் என்னைப் பாராட்டினார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் மேசையில் இருந்த பதிவேட்டை எடுத்து என் மேல் எறிந்தார். தோளில் பட்டு விழுந்தது. இன்னொருவர், "எம்மவனும் மூணு தடவ கைய கிழிச்சிட்டு வந்தான். கேட்டா கம்பி குத்திட்டுன்னான். அதுவும் நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று கத்தினார். இல்லை, அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் டீச்சருக்குப் பிடிக்காதது எது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. முப்பிடாதி மட்டும் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிவேடு பட்ட இடம் மறுநாள் வலிக்கவில்லை. அந்தப் பார்வை பட்ட இடம் இன்றைக்கும் வலிக்கிறது.

அண்ணாச்சி எழுந்தார். "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுட்டிய டீச்சரம்மா. இனிமே எங்கிட்ட ஒண்ணும் கேக்காதிய." தலைவியும் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

நான் எழுதி வைத்த தீர்மானத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். "நீங்க சொல்லுங்க, எழுதுதேன்" என்றேன். சொன்னார்கள். மைதானத்துக்குள் வெளி வண்டி வரக் கூடாது. பிள்ளைகள் குப்பை பொறுக்கக் கூடாது. கழிப்பறையைத் திங்கட்கிழமை காலையில் ஓர் அம்மா வந்து பார்த்த பிறகே பிள்ளைகள் உள்ளே போக வேண்டும். கூட்டம் இனிமேல் காலை எட்டரைக்கு, பிள்ளையை விட வருகிற நேரத்தில். கடைசியாக, நடந்தது நடந்தபடி மேலிடத்துக்குப் போக வேண்டும், தலைமை ஆசிரியை கையெழுத்தோடு. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அந்த நோட்டை எந்தப் பிள்ளையிடமும் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

பேப்பரில் எழுதியதற்காக வேன்கள் நின்றுவிடுமா? லாட்ஜில் இன்னொரு சாவி இருக்கிறது. அன்று சாயங்காலமே விக்டர் சார் தன் கைக்காசில் புதுப் பூட்டு வாங்கி வந்து மாட்டினார். சனிக்கிழமை காலையில் நான் போனபோது கேட்டுக்கு முன்னால் பதினைந்து இருபது அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலே தார்ப்பாய் கட்டி, மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்து, பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இலை நனையாமல் இருக்க முந்தானையால் மூடி மூடி எடுத்துச் சுற்றினார்கள். வேன்கள் வந்து ஹாரன் அடித்தன. ஒருவரும் எழவில்லை.

பதினோரு மணி வாக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். "வழிய மறிக்கக் கூடாதும்மா" என்றார் ஒருவர்.

"வழிய மறிக்கலை சார். எங்க பிள்ளைய படிக்கிற பள்ளிக்கூடத்து வாசல்ல இருக்கோம்" என்றார் முப்பிடாதி. "லீவு நாள்ல உள்ள போயி என்ன படிக்கப் போறியன்னு அந்த வேன்காரவியட்ட கேளுங்க."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். வேன்களை மேலே போகச் சொல்லிக் கை காட்டிவிட்டுப் போனார்.

நானும் ஓரமாக உட்காரப் போனேன். முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இங்கன இருக்க வேண்டாம் டீச்சர். வீட்டுக்குப் போங்க."

அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மன்னிப்பும் இல்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிட்டதால் அவர்களோடு ஒருத்தியாகிவிட்டேன் என்று நான் நினைத்திருந்தேன். எழுந்து வீட்டுக்குப் போனேன்.

ஆறு வாரம், சனியும் ஞாயிறும், முறை வைத்து உட்கார்ந்தார்கள். சீசன் முடிந்தது. அடுத்த சீசனுக்கு அண்ணாச்சி வேறு இடம் பார்த்துக்கொண்டார். மின்விசிறி ஒன்று பழுதானபோது அவரிடம் யாரும் போகவில்லை. மூன்று மாதம் அந்த வகுப்பு வேர்வையில் இருந்தது. பிறகு அம்மாக்கள் மனு எழுதி, நான்கு முறை நேரில் போய் நின்று, அரசாங்கத்திடமே வாங்கினார்கள்.

எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. மாணவியை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தியது, மருத்துவரிடம் தவறான தகவல் கொடுத்தது. சக ஆசிரியர்கள், "இது பழிவாங்கல் மேடம், அண்ணாச்சி கை இதுல இருக்கு, சும்மா விடாதீங்க" என்றார்கள். அவர் கை இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்த இரண்டு வரியும் உண்மை. ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் எழுதினேன். ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. தர்ஷினியின் பெருவிரல் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை. அவள் இடது கையால் எழுதப் பழகினாள். ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை என் வகுப்பில்தான் இருந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் முன் என் முகத்தைப் பார்ப்பாள், எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று. அதை மாற்ற என்னென்னவோ செய்து பார்த்தேன். முடியவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் என் மேல் கோபப்படலாம். படுங்கள். ஆனால் அந்தக் கோபத்தில் கொஞ்சம் உங்கள் சாப்பாட்டு மேசைக்கும் மிச்சம் வையுங்கள். அக்கறை இல்லாத பெற்றோர் என்று நீங்கள் சொல்கிறவர் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அவர் ஒரு தடவை உங்கள் வாசலுக்கு வந்தபோது நீங்கள் பதிவேட்டில் இருந்து தலையைத் தூக்கினீர்களா? எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொல்வது கேட்கவா, கேட்காமல் இருக்கவா? தீர்மான நோட்டைப் பிள்ளையின் பையில் வைத்து வீட்டுக்கு அனுப்புகிறவர் உங்களில் எத்தனை பேர்? எண்ணிக்கை எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான் ஓய்வு பெற்ற அன்று அந்த மைதானத்தில்தான் பந்தல் போட்டிருந்தார்கள். அப்போது மேலாண்மைக் குழுவின் தலைவி முப்பிடாதி. தர்ஷினி பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் தம்பி எங்களிடம் படித்துக்கொண்டிருந்தான். தலைவி என்ற முறையில் அவரைப் பேச அழைத்தார்கள். அவர் வருவார் என்றே நான் நினைக்கவில்லை. மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். டீச்சர் எம்பிள்ளய கண்ணாடி பொறுக்கச் சொன்னாவ. எங்க எல்லாருக்கும் முன்னால அத ஒத்துக்கிட்டாவ. ரெண்டும் நடந்தது. ஒண்ணச் சொல்லி ஒண்ண யாரும் மறைக்க வேண்டாம்."

அவ்வளவுதான். இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவருக்குப் பிறகு ஆறு பேர் பேசினார்கள். அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை.